படம் தெளிவாக இருக்கட்டும், முகம் வேண்டாம்

(ரமலானை முன்னிட்டு நடந்த தொண்டர்கள் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)





நமது பணிகளை முகநூலில் போடுவதற்கு செல்போனில் நல்ல படம் எடுப்பது எப்படி என்று தம்பிமார்கள் கேட்டார்கள். இன்ஷா அல்லாஹ், சொல்கிறோம். அதற்கு முன் நாங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

சென்ற பெருநாளுக்கு முதல் நாள் பித்ரா அரிசி கொடுத்தோம். வாங்கியவர்களைப் பையோடு நிற்க வைத்துப் படம் எடுத்தோம். அன்றிரவே எல்லாக் குழுக்களிலும் போட்டோம். இந்த ஆண்டு பட்டியல் எடுக்கப் போனபோது ஒரு சகோதரி, "எங்களுக்கு வேணாம் பாய், வேற யாருக்காவது கொடுங்க" என்றார். அவருடைய கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. மகன் படிக்கும் பள்ளியில் அந்தப் படம் கைமாறியிருக்கிறது. பையன் ஒரு வாரம் பள்ளிக்கே போகவில்லை. இதைப் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அந்த வீட்டுக்குச் சேர வேண்டிய அரிசியை எங்கள் படமே தடுத்துவிட்டது.

கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும் மனதைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று அல்பகறா அத்தியாயத்தின் 264-ஆம் வசனம் எச்சரிக்கிறது. 271-ஆம் வசனம் வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே என்கிறது; ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்கிறது. பணம் அனுப்பியவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியது நம் கடமை. ஆகவே வேலையைக் காட்டுவோம், வாங்குபவரைக் காட்ட வேண்டாம்.

இது நமக்கு மட்டும் வந்த சிக்கல் அல்ல. 2015 வெள்ளத்தில் நம் கடலூர் மாவட்டமும் சென்னையும் தவித்தபோது, நிவாரணப் பொருட்களில் ஸ்டிக்கர் ஒட்டியது பெரிய பேச்சானது நினைவிருக்கும். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, உணவும் ரேஷனும் கொடுக்கும்போது படம் எடுக்க ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்ட நிர்வாகம் தடையே விதித்தது.

இனி படம் எடுக்கும் முறை.

முதலில் லென்ஸைத் துடையுங்கள். நம் ஊர்த் தூசியும் விரல் எண்ணெயும் படிந்தால் படம் மங்கும். மென்மையான பருத்தித் துணி போதும்.

வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கமிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரட்டும். சன்னலுக்கு எதிரே நின்று எடுத்தால் பொருள் கறுத்துவிடும். வேறு வழியில்லை என்றால் திரையில் அந்தப் பொருளைத் தொடுங்கள், வெளிச்சம் கூடும். நம் டவுன்ஷிப்பில் மர நிழல் அதிகம். இலை இடுக்கில் விழும் வெயில் படத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். ஆகவே முழு நிழலில் வைத்து எடுங்கள். காலை 8 மணிக்கு முன்னும் அஸருக்குப் பின்னும் வெயில் இதமாக இருக்கும்.

இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். நான்கு அடி முன்னே போங்கள். கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் படம் சாயாது.

எதை எடுப்பது? அடுக்கிய அரிசி மூட்டைகள், பொட்டலம் கட்டும் தொண்டர்களின் கைகள், கொடுப்பதற்கு முன் தையல் இயந்திரம். நோன்புக் கஞ்சி அண்டாவை எடுக்கும்போது பின்னால் இருட்டான சுவரும், பக்கவாட்டில் வெளிச்சமும் இருந்தால் ஆவி அழகாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் எச்.டி. தரத்தைத் தேர்ந்து அனுப்புங்கள். வீடுகளுக்குப் போகும்போது கேமராவில் இடத்தைப் பதிவு செய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். வீட்டு எண், ரேஷன் அட்டை, மருந்துச் சீட்டு எதுவும் படத்தில் வரக் கூடாது.

வாங்குபவரிடம் "படம் எடுக்கலாமா?" என்று கேட்டால் போதாதா என்று ஒரு தம்பி கேட்டார். கையில் அரிசிப் பை இருக்கும்போது யாரால் மறுக்க முடியும்? அதனால் இந்த ரமலான் முதல் வாங்குபவரின் முகம் நம் படங்களில் வராது. பழைய படங்களை எங்கள் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டோம். உங்கள் போனில் இருந்தால் நீங்களும் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

அந்தச் சகோதரியின் வீட்டுக்கு இந்த முறை இரவில், பெண்கள் இருவர் மட்டும், போன் எடுக்காமல் போவார்கள். அவர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.