கேழ்வரகும் அவரையும்
(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்திற்குரிய பிரசங்கம்)



ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மானாவாரிப் புன்செய்களில் கேழ்வரகுடன் அவரை, துவரை, ஆமணக்கு, கடுகு, பேயெள் முதலியவற்றைச் சால் விட்டு விதைப்பது பூர்விக வழக்கம். எல்லைக்கு அப்பாலுள்ள கன்னடக் குடியானவர்கள் இதனை அக்கடி என்பர். கொர்ருவின் பின்னே ஸ்திரீகள் மூங்கிற் குழல் வழியாக அவரை வித்தைக் கையால் இட்டுச் செல்வார்கள்.

1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது முதல் வாலிபர்கள் தொழிற்சாலைகளை நாடலாயினர். வயலில் ஆள் குறைந்தது. கிணறுள்ளோர் தக்காளிக்கும் ரோஜாவுக்கும் மாறினர். கிணறில்லாதோரிற் பலர் அவரைச் சாலைக் கைவிட்டுத் தனிக் கேழ்வரகு விதைக்கின்றனர். வேலை மிச்சம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் மிச்சமாவது சொற்பம். நஷ்டமாவதோ குடும்பத்தின் பருப்பு.

ஆடியில் விதைத்த கேழ்வரகு கார்த்திகையில் அறுவடையாகிவிடும். நாட்டவரையோ இரவு நீளும் காலத்தில்தான் பூக்கும் இயல்புடையது. கேழ்வரகு வளரும்வரை அது அடக்கமாய் நின்று, கதிர் அறுத்தபின் வெயிலும் இடமும் பெற்றுப் படர்ந்து, மார்கழி, தை மாதங்களில் பனியைக் கொண்டே காய்க்கும். கேழ்வரகின் வேர் மேல்மண்ணிற் பரவும். அவரை, துவரையின் ஆணிவேர் ஆழத்து ஈரத்தைத் தேடும். ஆகையால் இவற்றிடையே போட்டி குறைவு. மழை இடையில் நின்று கேழ்வரகு சாவியானாலும் பின்மழையில் அவரை தேறக்கூடும்.

பயறுவகைகளின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன என்பதை 1886-ல் ஜெர்மானிய சாஸ்திரி ஹெல்ரீகல் வெளியிட்டார். அதனால் எரு வேண்டாம் என்று கருதுவது தவறு. அருகிலுள்ள கேழ்வரகுக்கு அவ்வாண்டே கிடைப்பது அற்பம்; உதிர்ந்த சருகும் மக்கிய வேரும் மறு ஆண்டுப் பயிருக்கே பெரிதும் உதவும். தொழுவுரம் அவசியமே.

களையெடுக்க ஆளில்லை என்பது நியாயமான குறைதான். கலந்து வீசி விதைத்தால் அக்குறை தீராது. ஓரடி இடைவெளியில் எட்டு வரிசை கேழ்வரகு, பின் ஒரு வரிசை அவரை, அல்லது இரண்டு வரிசை துவரை என விதைத்தால் வரிசைகளினூடே மாடு பூட்டிய கருவியை ஓட்டலாம். இக்காலத்துக் கடைகளில் விற்கும், எப்பருவத்திலும் பூக்கும் குட்டை அவரை இதற்கு உதவாது. அது கேழ்வரகின் நிழலிலேயே பூத்து வீணாகும்.

ஜவளகிரி, தளிக் காடுகளை அடுத்த ஊர்களில் வேறொரு சங்கடம் உண்டு. கதிர் முற்றும் சமயம் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து யானைகள் வருகின்றன. நான்கு மாத உழைப்பு ஓரிரவில் போவதைக் கண்ட குடியானவரிடம் கலப்புப் பயிரின் பெருமை பேசிப் பயனில்லை, காவலே பரிகாரம். ஒருவர் ஆடி முதலிலும் மற்றவர் ஆவணியிலும் விதைத்தால் காவல் இரவுகள் இரட்டிக்கும். ஊரார் யாவரும் ஒரே வாரத்தில் விதைக்கும்படி செய்வதும், காவல் முறையை வகுப்பதும் தனி ஆளால் ஆகாது. சங்கத்தால் ஆகும்.

2022–23-ல் கேழ்வரகுக்குக் குவிண்டாலுக்கு 3,578 ரூபாய் ஆதரவு விலை நிர்ணயிக்கப்பட்டது. அவரைக்கு அத்தகைய விலை இல்லை. ஆயினும் வீட்டுக்கு எடுத்து வைத்த அவரைக்குச் சந்தை விலை பற்றிய கவலையில்லை. வித்துத்தான் அரிதாகி வருகிறது. நாட்டவரை வைத்திருக்கும் அங்கத்தினரிடமிருந்து தை மாதத்திலேயே வித்தை வாங்கி, நன்கு உலர்த்திச் சாம்பல் கலந்து சங்கக் கிடங்கில் சேமித்தால், ஆடியில் கேட்போருக்குப் படியளவில் கடனாகக் கொடுக்கலாம். அறுவடைக்குப்பின் வித்தாகவே திரும்பப் பெறலாம்.