கடல் கடக்குமுன் படிக்க வேண்டிய காகிதங்கள்
(சங்கத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். அதனைப் பேச என்னினும் வல்லார் இம்மேடையில் உளர். நான் ஒரு தவற்றைப் பற்றிப் பேச விழைகிறேன். அத்தவறு என்னுடையது.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவன் ஒருவன் என் வீட்டிற்கு வந்தான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுப் பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, பின்னர் பவர் டேபிள் டெய்லராக உயர்ந்தவன். மலேசியாவில் தையல் வேலை, தங்குமிடம் இலவசம் என்று ஓர் ஏஜெண்டு கூறியதாகச் சொல்லி, ஆங்கிலத்தில் அச்சிட்ட மூன்று தாள்களை நீட்டினான். "சார், படிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றான். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். மொழியில் பிழையில்லை, சம்பளம் தெளிவாக இருந்தது, முத்திரையும் இருந்தது. "சரியாகத்தான் இருக்கிறதப்பா" என்றேன். தலைமையாசிரியரே சொல்லிவிட்டார் என்ற நம்பிக்கையில் அவன் தாயார் நகையை அடகு வைத்தும், மீட்டர் வட்டிக்கு வாங்கியும் 1,20,000 ரூபாய் கட்டினார். அதற்கு ரசீது இல்லை.

வந்தது சுற்றுலா விசா. போனபின் வேலை அனுமதியாக மாற்றித் தருவோம் என்றார்களாம். மாற்றித் தரவில்லை. தங்கும் காலம் முடிந்த நாளிலிருந்து அவன் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. சம்பளம் கேட்டபோதெல்லாம் போலீசில் ஒப்படைத்துவிடுவோம் என்பதே மறுமொழி. ஏழு மாதம் கழித்து அபராதம் கட்டித் திரும்பி வந்தான்.

நான் ஆங்கிலம் படித்தேனே அன்றிச் சட்டம் படிக்கவில்லை. என்ன விசா என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஏஜெண்டின் பதிவு எண் எங்கே என்றும் கேட்கவில்லை. அதன் பின்னரே குடிபெயர்வுச் சட்டம் என ஒன்று 1983இல் இயற்றப்பட்டிருப்பதைத் தேடிப் படித்தேன். மத்திய அரசிடம் பதிவு பெறாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாகாது; சேர்த்தால் இரண்டாண்டு வரை சிறை. பதிவு பெற்றவரும் தொழிலாளியிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே பெறலாம். நாங்கள் கொடுத்தது நான்கு மடங்கு.

பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டில் ஈ.சி.ஆர். என்னும் குறிப்பு இருக்கும். அத்தகையோர் வளைகுடா நாடுகள், மலேசியா, ஜோர்டான் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். நம் இளைஞர் பலர் இக்குறிப்பை ஒரு களங்கமாக எண்ணுகின்றனர். ஏஜெண்டுகளும் அவ்வாறே சொல்கின்றனர். உண்மையில் அது ஒரு வேலி. பாதுகாவலர் அலுவலகம் ஒப்பந்தத்தைப் பார்க்கும்; 10 இலட்சம் ரூபாய்க்கான காப்பீடு உண்டா என்றும் பார்க்கும். சுற்றுலா போகிறவனுக்கோ இந்த அனுமதி தேவையில்லை. அதனாலேயே தரகர் சுற்றுலா விசாவை நாடுகிறார். வேலியைச் சுற்றிக்கொண்டு போகும் வழி அது. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தப்பட்டு, பின் மீட்கப்பட்ட தமிழக இளைஞர்களோ படித்தவர்கள். ஆகவே படிப்பு மட்டும் காத்துவிடும் என்றும் நான் சொல்வதற்கில்லை.

காகிதம் நம் முன்னோரை வஞ்சித்தது புதிதன்று. கங்காணியின் சொல்லை நம்பி மலேயாவுக்கும் இலங்கைக்கும் சென்ற தோட்டத் தொழிலாளருள் நம் மக்கள் மிகப் பலர். மலேயாவுக்குச் செல்லும் அந்த ஆள்சேர்ப்பை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. இலங்கையிலோ 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலையகத் தமிழர் குடியுரிமை இழந்தனர். அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின்படி சுமார் 8 இலட்சம் பேர் விண்ணப்பித்தும் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவனிடம் வசிப்புச் சான்று எங்கிருந்து வரும்? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் திரும்பி வந்தோரை இன்றும் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் காணலாம்.

மாணவனின் கதையைப் பாதியில் விட்டேன். வழக்கறிஞருக்குக் கொடுக்க அவனிடம் ஏது பணம்? அப்போதுதான் நண்பர் ஒருவர் 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். அதன் 12ஆம் பிரிவின்படி, ஆதிதிராவிடர், பழங்குடியினர் எவரும் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி பெற உரியவர். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் அவ்வாறே. சாதிச் சான்றிதழைக் கல்வி உதவித்தொகைக்கு மட்டுமே எடுத்துப் பழகிவிட்டோம். அன்றுதான் அதை வழக்குக்காக எடுத்தோம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வழக்கறிஞரை அமர்த்தித் தந்தனர். அவர் கூறிய ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். குடிபெயர்வுச் சட்டப்படி வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். ஆனால் ஏமாந்தவனோ, அவனுக்காகத் தாயோ தந்தையோ மனைவியோ புகார் கொடுத்தால் அவ்வனுமதி தேவையில்லை. தாயார் கைநாட்டு வைத்தார். நோட்டீசு போயிற்று. ரசீது இல்லாமையால் முழுத் தொகையும் வரவில்லை. பேச்சுவார்த்தையில் பாதிதான் திரும்பியது, அதுவும் இரண்டு ஆண்டு கழித்து. வட்டி போனது போனதுதான்.

இன்னும் ஒன்று, இதுவும் என் போன்ற ஆசிரியர்களைச் சாரும். மாற்றுச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, தலைப்பெழுத்து விரிக்கப்படாமை ஆகியவற்றால் கோயம்புத்தூர் பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்த பிள்ளைகள் என்னிடம் வந்ததுண்டு. சிலவற்றில் இருந்த கையெழுத்து என்னுடையதே.

சங்கத்திற்கு என் வேண்டுகோள் இதுதான். நம் படிப்பகத்தில் ஞாயிறுதோறும் மாலை இரண்டு மணி நேரம் ஒரு மேசை போடுங்கள். வெளிநாடு செல்லும் எவரும் பணம் கட்டுமுன் தம் தாள்களை அங்கே கொண்டுவரட்டும். ஏஜெண்டின் பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் இணையத்தில் அங்கேயே பார்த்துச் சொல்லலாம். ஐயம் எழுந்தால் 15100 என்ற சட்ட உதவி எண் இருக்கிறது. பட்டம் பெற்ற நம் இளைஞர் இருவர் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலர்களாகச் சேர முன்வர வேண்டும். ஒருவர் பெண்ணாக இருத்தல் நலம். தாய்மார்கள் கூச்சமின்றிப் பேசுவார்கள். முதல் மூன்று மாதம் மேசையருகே நானும் அமர்கிறேன். தாள்களைப் படிக்க அன்று. இன்ன கேள்விகளைக் கேட்கத் தவறினேன் என்று எடுத்துச் சொல்ல. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரைக் காணலாம்.