டிஜிட்டல் கருவிகளும் மாற்றுத்திறனாளி மாணவர்களும்: கடமை யாருடையது?

(சாந்த்ராகாச்சியில் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

2018 அக்டோபர் 23 அன்று மாலை இதே சாந்த்ராகாச்சி இரயில் சந்திப்பில் பல வண்டிகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து நின்றன. நாகர்கோவில் – ஷாலிமார் விரைவு வண்டியும் அவற்றுள் ஒன்று. நடைமேம்பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் இருவர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். வண்டிகள் வந்தன. ஆனால் அவற்றை நோக்கி விரைந்த மக்களைத் தாங்கும் அளவுக்குப் பாதை அகலமாக இல்லை. திடகாத்திரமானவர்களுக்கே இந்நிலை எனில், ஊன்றுகோலுடனோ வெண்கோலுடனோ நாள்தோறும் கல்லூரிக்குச் சென்று வரும் மாணவர்களின் நிலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

கல்லூரிகளிலும் இன்று புதிய வண்டிகள் வந்து நிற்கின்றன. இணையவழிச் சேர்க்கை, இணையவழி வகுப்பு, கணினிவழித் தேர்வு என்று அவற்றுக்குப் பெயர். மேற்கு வங்கத்தில் 2024 முதல் இளநிலைப் பட்டச் சேர்க்கையே ஒருங்கிணைந்த இணையதளத்தின் வழியாக நடைபெறுகிறது. இவ்வண்டிகளில் மாற்றுத்திறனாளி மாணவர்கள் ஏறுவதற்குப் பாதை உண்டா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். மக்கள்தொகையில் இது 2.21 விழுக்காடு. மேற்கு வங்கத்தில் மட்டும் 20 இலட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 இலட்சம். ஆனால் ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் 2021–22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பில், 4.33 கோடி மாணவர்களுள் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 88 ஆயிரம் பேரே. மக்களில் நாற்பத்தைந்து பேருக்கு ஒருவர். கல்லூரியிலோ ஐந்நூறு பேருக்கு ஒருவர். அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் 5 விழுக்காட்டு இடங்களேனும் ஒதுக்கப்பட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு கூறுகிறது. அரசு உதவி பெறாத சுயநிதிக் கல்லூரிகளை அப்பிரிவு தொடவே இல்லை. உயர்கல்வி தனியார்மயமாகும் அளவுக்கு இவ்வுரிமையும் சுருங்குகிறது என்பதை மறந்துவிடலாகாது.

அதே சட்டம் ‘நியாயமான ஏற்பாடு’ என்ற கருத்தையும் உறுதி செய்துள்ளது. ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகத் தம் உரிமையைப் பயன்படுத்துவதற்குத் தேவையான மாற்றங்களைச் செய்து தருவது நிறுவனத்தின் கடமை என்பதே அதன் பொருள். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், கேட்கத்தக்க வடிவில் பாடநூல், சைகை மொழிபெயர்ப்பாளர் ஆகியவை யாவும் இதனுள் அடங்கும்.

இந்த ஏற்பாடுகளைச் செய்து தருவதற்கான தனி அலுவலகங்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உள்ளன. மாணவர் கணினியில் பதிவு செய்து கோரினால், அவருக்குரிய ஏற்பாடுகள் பற்றிய கடிதம் ஆசிரியர்களுக்குச் செல்கிறது. தேர்வுக்கான தனி அறையும் அதன்வழியே முன்பதிவாகிறது. இதனை மென்பொருளின் சாதனை என்று சந்தையில் விற்கிறார்கள். வரலாறு வேறு. 1973இல் இயற்றப்பட்ட மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவுக்கு விதிகளை வெளியிடாமல் அந்நாட்டு அரசு நான்கு ஆண்டுகள் காலம் கடத்தியது. 1977 ஏப்ரலில் ஜூடி ஹியூமன் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகள் சான்பிரான்சிஸ்கோவில் அரசு அலுவலகத்துக்குள் புகுந்து அமர்ந்தனர். மூன்று வாரங்களுக்கும் மேலாக அவர்கள் வெளியேறவில்லை. கருஞ்சிறுத்தைக் கட்சியினர் அவர்களுக்கு உணவு கொண்டுவந்து கொடுத்தனர். வாஷிங்டன் சென்ற போராட்டக் குழுவினருக்கு இயந்திரத் தொழிலாளர் சங்கத்தினர் வாகன உதவி செய்தனர். ஏப்ரல் 28 அன்று விதிகளில் அமைச்சர் கையொப்பமிட்டார். கடமை முதலில் நிலைநாட்டப்பட்டது. அதை நிறைவேற்றும் கணினி பின்னர் வந்தது.

இங்கு நடப்பது தலைகீழ். கடமையை நிறைவேற்ற ஆளும் இல்லை, அலுவலகமும் இல்லை. இணையதளம் மட்டும் வந்துவிடுகிறது. ஒரு மாணவி கல்லூரியில் நுழைவதிலிருந்து தேர்வு எழுதுவது வரை என்னென்ன நிகழ்கிறது என்று பார்ப்போம்.

முதலில் விண்ணப்பம். படத்தில் வளைந்து நெளிந்து தெரியும் எழுத்துகளைத் தட்டச்சிடச் சொல்லும் கேப்ட்சா ஒன்று போதும், பார்வையற்ற மாணவி வாசலிலேயே நிறுத்தப்படுவார். கண் சிமிட்டச் சொல்லும் இணையவழி அடையாளச் சரிபார்ப்பும் அத்தகையதே. அமிலவீச்சால் கண்களும் முகமும் சிதைந்தவர்கள் இதனை எதிர்த்துத் தொடுத்த பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு கூறும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லூரி இணையதளம் இதற்கு விலக்காகிவிட முடியாது.

அடுத்தது பாடம். கணினித் திரையில் உள்ளதைக் குரலாக்கித் தரும் திரைவாசிப்பான் மென்பொருள்கள் வெகுகாலம் ஏழை மாணவருக்கு எட்டாத விலையில் விற்றன. 2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற மாணவர் மைக்கேல் கரன் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். பார்வையற்ற நண்பர் ஜேம்ஸ் தே அவருடன் இணைந்தார். கட்டணமின்றிக் கிடைக்கும் இக்கட்டற்ற மென்பொருள் தமிழையும் வங்காளத்தையும் படிக்கிறது. ஆயினும், ஆசிரியர் அனுப்பும் குறிப்பு கைப்பேசியில் எடுத்த நிழற்படமாக இருந்தால் அது என்ன செய்யும்? பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும்; திரைவாசிப்பானுக்கோ அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்குவியல். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டும், பழைய எழுத்துருக் கோப்புகள் இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. இக்குறையை நீக்கக் கோடிகள் தேவையில்லை. ஒருங்குறியில் தட்டச்சிடும் பழக்கம் போதும். அச்சு நூலைப் படிக்கத்தக்க வடிவில் மாற்றிக் கொடுக்கவும் தடையில்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இலாப நோக்கமின்றி அவ்வாறு செய்ய அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களுக்கும் நூலகங்களுக்கும் பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது.

செவித்திறன் குறைந்த மாணவர்களின் நிலை இன்னும் கடினம். பேச்சைத் தானாக எழுத்தாக்கும் கருவி வந்துவிட்டதாகச் சொல்லி, சைகை மொழிபெயர்ப்பாளரை நியமிக்கும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் போக்கை ஏற்க முடியாது. சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்குத் திரையில் ஓடும் பிழைமலிந்த வரிகள் ஈடாகா.

இறுதியாகத் தேர்வு. ஒன்றிய அரசின் 2018 ஆகஸ்டு 29 வழிகாட்டுதல்கள் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் அளித்தன. மூன்று மணி நேரத் தேர்வுக்கு இது ஒரு மணி நேரம். கணினியில் தேர்வு எழுதுவோர் முதல் நாளே அக்கணினியைச் சோதித்துப் பார்க்கலாம் என்றும் அவை கூறின. 40 விழுக்காட்டுக்குக் குறைந்த பாதிப்பு எனக் காட்டிச் சொல்வதை எழுதுபவரை மறுக்கலாகாது என்று விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரி 11 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் அதே ஆண்டு நீட் தேர்வில், எழுதுவதில் குறைபாடுள்ள மாணவி ஒருவருக்குக் கூடுதல் நேரம் மறுக்கப்பட்டு, அவ்வழக்கும் உச்சநீதிமன்றம் வரை சென்றது. அநீதி இழைக்கப்பட்டதை நீதிமன்றம் ஏற்றது. மறுதேர்வு மட்டும் கிடைக்கவில்லை. தேர்வுக் கூடத்தில் இருந்தவர்களுக்கு விதி தெரியாததன் விலையை அந்த மாணவியே கொடுத்தார். டிஜிட்டல் முறை உண்மையிலேயே உதவக்கூடிய இடம் இதுதான். மாணவரின் உரிமை சேர்க்கையின்போதே பதிவாகி, தேர்வு மையத்துக்குத் தானாகச் சென்று சேர்ந்தால், ஒவ்வொரு பருவத்திலும் சான்றிதழைக் கையில் ஏந்தி அறை அறையாக அலைய வேண்டியதில்லை.

அலையும் வேலையை நிறுவனம் தன் தோளில் ஏற்றுக்கொண்டால் அது நவீனமயம். அதே வேலையைக் கணினி வழியாக மாணவர் தலையிலேயே மீண்டும் சுமத்தினால் அது பழைய அலட்சியம்தான். திரை மட்டும் புதிது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கெனப் பொறுப்பான ஊழியர் ஒருவர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். எந்த இணையதளமும் மாற்றுத்திறனாளிகளே சோதித்துப் பார்த்த பின்னரே நடைமுறைக்கு வர வேண்டும். அரசுப் பணத்தில் வாங்கப்படுவதில் கட்டற்ற மென்பொருளுக்கு முதலிடம் தர வேண்டும். மாணவரின் மருத்துவ விவரம் தனியார் நிறுவனத்தின் கைச்சரக்காகிவிடக் கூடாது. ஆசிரியருக்குத் தெரிய வேண்டியது செய்ய வேண்டிய ஏற்பாடு மட்டுமே, நோயின் பெயரன்று. இணையத்தைப் பயன்படுத்த இயலாதவருக்கு நேரில் வரும் வழி திறந்தே இருக்க வேண்டும்.

நிதியில்லை என்ற பதில் வரும். சாய்வுதளத்துக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் நிதி வேண்டும் என்பது உண்மை. அதற்காக அரசை நிர்ப்பந்திக்க வேண்டும். ஆனால் படத்துக்குப் பதிலாக எழுத்துக் கோப்பை அனுப்ப எந்த நிதியும் வேண்டாம்.

தோழர்களே! நம்மில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கல்லூரி ஊழியர்கள் இருக்கிறார்கள், மாணவர்களின் பெற்றோர்கள் இருக்கிறார்கள். அவரவர் கல்லூரியில் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இங்கு எத்தனை மாற்றுத்திறனாளி மாணவர்கள் படிக்கிறார்கள்? அவர்களுக்கான பொறுப்பாளர் யார்? சென்ற பருவத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்ட எத்தனை பேருக்கு அது கிடைத்தது? பதிலைக் கிளைக் கூட்டத்தில் வையுங்கள். பதிலே கிடைக்காவிடில் அதையும் வையுங்கள். போராட்டம் அங்கிருந்து தொடங்கட்டும்.