திருமணத் தட்டைப் படியெடுக்கையில் நேரும் பிழைகள்



வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழர் இல்லங்கள் பலவற்றில், பீரோவின் மேல்தட்டிலோ பரண்மேல் ஏற்றிய அட்டைப் பெட்டியிலோ, மணமக்களின் படம் ஒட்டிய டி.வி.டி. தட்டுகள் இரண்டு மூன்று இருக்கக் காணலாம். தங்கையின் திருமணம், பெற்றோரின் அறுபதாம் கலியாணம், சொந்த ஊர்க் கோயிலின் குடமுழுக்கு என்று, இந்த நூற்றாண்டின் முதற் பதினைந்து ஆண்டுகளில் நிகழ்ந்த மங்கல நிகழ்ச்சிகள் பெரும்பாலும் தட்டில்தான் பதிந்து தரப்பட்டன. விடுப்புக் கிடைக்காமல் டில்லியிலும் நாகபுரியிலும் தங்கிவிட்டவர்களுக்கு அஞ்சலில் வந்து சேர்ந்தவையும் அவையே. அவற்றில் பந்தி விசாரிக்கும் பெரியவர்களுள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்களுடைய குரல் வேறெங்கும் பதிவாகவும் இல்லை.

இப்பொழுது விற்பனைக்கு வரும் மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் தட்டைச் செலுத்தும் இடமே கிடையாது. ஆகவே பலர் வெளியே இணைக்கும் ஒரு தட்டு இயக்கியை வாங்கி, பழைய தட்டை முழுமையாக ஒரே கோப்பாகப் படியெடுத்து வைக்க முயல்கின்றனர். தட்டின் முதற் கூற்றிலிருந்து கடைசிக் கூறுவரை உள்ளது உள்ளவாறே எடுத்த இத்தகைய பிரதியைப் படிமக் கோப்பு என்பர், ஐ.எஸ்.ஓ. கோப்பு என்பது அதன் வழக்குப் பெயர். முயற்சி பாதியில் நின்று, திரையில் ஒரு பிழைச் செய்தி தோன்றுகிறது. தட்டு கெட்டுவிட்டது என்று முடிவு செய்து அதைக் குப்பையில் எறிகிறவர்களும் உளர். அவ்வளவு விரைவில் எறிய வேண்டுவதில்லை என்பதை எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் தட்டின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள இத்தட்டு, ஒவ்வொன்றும் 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் வில்லைகளை ஒட்டிச் செய்தது. செய்தி பதிந்திருப்பது இரண்டுக்கும் நடுவே. கடையில் விற்கும் திரைப்படத் தட்டில் அச்சுக் குழிகள் அழுத்தப்பட்டிருக்கும். கலியாண வீட்டுத் தட்டிலோ சாயப் பூச்சு ஒன்று உண்டு. அதை லேசர்க் கதிரால் சுட்டுப் பதிவு செய்வர். தட்டின் அடிப்பக்கம் ஊதா நிறம் காட்டினால் அது பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது. சாயம் வெயிலையும் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்காது. டில்லியின் மே மாத வெப்பத்தில் கூரையை ஒட்டிய பரணும், மும்பையின் மழைக்காலத்து அலமாரியும் அதற்குப் பகை.

தட்டிலுள்ள செய்தி 2048 பைட்டுகள் கொண்ட சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. பதினாறு கூறுகள் சேர்ந்தது ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டிலும் பிழை திருத்துவதற்கென்றே சில எண்களை மிகையாகச் சேர்த்திருக்கின்றனர். கணக்குப்பிள்ளை பேரேட்டில் குறுக்கும் நெடுக்கும் கூட்டுத்தொகை போட்டு வைப்பதில்லையா? எங்கேனும் ஓர் எண் அழிந்துபோனாலும் கூட்டுத்தொகையைக் கொண்டு அதை மீட்டுவிடலாம். ஏறத்தாழ அதே உபாயம்தான் இதுவும். ரீட், சாலமன் என்னும் இருவர் 1960-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணித முறை இதற்கு அடிப்படை. ஆனால் ஒரே கட்டில் அளவுக்கு மிஞ்சிய எண்கள் அழிந்துவிட்டால் கூட்டுத்தொகையும் உதவாது. அப்பொழுதுதான் கணினி 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்று எதையோ சொல்லி நின்றுவிடுகிறது. 'இந்தக் கட்டின் கணக்கு ஒத்துவரவில்லை' என்பதற்குமேல் அச்செய்திக்குப் பொருள் இல்லை.

அந்தக் கட்டில் எவ்வளவு போயிற்று என்று கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு மணி நேரக் காட்சி ஒரு தட்டை நிரப்பியிருப்பதாகக் கொண்டால், ஒரு கட்டில் அடங்குவது ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு. படங்களை ஏறக்குறைய அரை விநாடித் தொகுதிகளாகச் சுருக்கி வைத்திருப்பதால், சேதம் அத்தொகுதி முழுவதிலும் தெரியக்கூடும்; மிஞ்சினால் அரை விநாடி, படம் சதுரம் சதுரமாகச் சிதறும். இனி, சாதாரண முறையில் கோப்புகளைப் பிடித்திழுத்துப் படியெடுத்தால் நேர்வது யாது? தட்டில் காட்சிகள் வி.ஓ.பி. என்று முடியும் பெயருள்ள கோப்புகளாக, ஒவ்வொன்றும் 1 ஜிகாபைட்டுக்கு மேற்படாமல், வெட்டி வைக்கப்பட்டிருக்கும். அவ்வாறான ஒரு கோப்பு சுமார் 27 நிமிடக் காட்சியைக் கொண்டது. படியெடுக்கும் மென்பொருள் ஒரு கட்டைப் படிக்க முடியாவிட்டால் அக்கோப்பு முழுவதையுமே கைவிட்டுவிடுகிறது. அரை விநாடிப் பழுதுக்காக, முகூர்த்தம் உட்பட அரைமணி நேரத்தை இழக்கிறோம். தட்டு செய்த குற்றத்தைவிடப் படியெடுத்த முறை செய்த குற்றமே இங்குப் பெரிது.

ஆதலின், பிழைச் செய்தி தோன்றியதும், பிழை எந்த இடத்தைச் சேர்ந்தது என்று முதலில் துணிய வேண்டும். தட்டில் மட்டுமே பிழை இருக்கும் என்று எண்ணலாகாது.

படியெடுத்துச் சேர்க்கும் இடத்திலிருந்து தொடங்குவது எளிது. ஓர் அடுக்கு டி.வி.டி. தட்டின் முழுக் கொள்ளளவு 470 கோடிப் பைட்டுகளுக்குச் சற்று மேல், உறையில் 4.7 ஜிகாபைட் என்று போட்டிருப்பார்கள், விண்டோஸ் கணினி அதையே 4.38 என்று காட்டும். இரண்டும் ஒன்றே, எண்ணும் முறைதான் வேறு. பென்டிரைவ்கள் பலவும் ஃபேட் 32 என்னும் முறையில் அமைக்கப்பட்டு வருகின்றன. அம்முறையில் எந்த ஒரு கோப்பும் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் பைட்டுகளுக்கு மேல் இருத்தல் இயலாது. நிறைந்த தட்டின் படிமம் அதில் அடங்காது. பென்டிரைவில் 32 ஜிகாபைட் இடம் காலியாக இருந்தாலும் அடங்காது. படியெடுப்பு ஒவ்வொரு முறையும் 4 ஜிகாபைட்டை எட்டியதும் நிற்குமானால் தட்டை ஐயுற வேண்டாம். கணினியின் சொந்த நினைவகத்திலேயே படிமத்தை எடுப்பது நன்று.

அடுத்தது இயக்கி. வெளியே இணைக்கும் மெல்லிய இயக்கிகள் மின்சாரத்தையும் யு.எஸ்.பி. கம்பி வழியாகவே பெறுகின்றன. நடுவில் பல துளைப் பெட்டி ஒன்றை வைத்து இணைத்தால் மின்சாரம் போதாமல், படித்துக்கொண்டிருக்கையிலேயே இயக்கி திரையிலிருந்து மறைந்துவிடும். மீண்டும் வரும், மீண்டும் மறையும். நேராகக் கணினியிலேயே செருகினால் அநேகமாகத் தீர்ந்துவிடும். மேலும், ஓர் இயக்கி படிக்க மறுத்த தட்டை மற்றோர் இயக்கி தயக்கமின்றிப் படிப்பது சாதாரணமாக நிகழ்வது. நண்பர் வீட்டில் பழைய மேசைக்கணினி ஒன்று தூசி படிந்து கிடக்குமானால், அதிலுள்ள இயக்கியையும் ஒருமுறை பரீட்சித்துப் பார்க்கத் தகும்.

இனித் தட்டு. முதலில் மென்மையான காற்றால் தூசியை அகற்றி, பின் பலமுறை வெளுத்து மெதுவாகிவிட்ட பருத்தித் துணியைச் சிறிது நீரில் நனைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கலாகாது. பதிவு வட்டச் சுழலாக ஓடுவதால், அத்திசையில் விழும் கீறல் தொடர்ச்சியாகப் பல எண்களை அழித்துவிடும். குறுக்கே விழும் கீறலோ ஒவ்வொரு சுற்றிலும் சிலவற்றையே தொடும், அதைக் கூட்டுத்தொகை திருத்திக்கொள்ளும். பற்பசை தேய்த்தால் சரியாகும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. பற்பசை என்பது தேய்த்துச் சுரண்டும் பொருள். கடைசி நம்பிக்கையும் போன பின்னன்றி அதைத் தொடாதிருப்பதே நலம்.

மணமக்களின் படம் அச்சிட்ட காகிதத்தை நிறையப் பேர் தட்டின்மேல் ஒட்டித் தந்தனர். பார்வைக்கு அழகுதான். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லக் காகிதம் சுருங்கித் தட்டை வளைக்கிறது. வேகமாகச் சுழலும்போது தட்டு நடுங்குகிறது. காகிதத்தை உரித்தெடுக்க முயல்வது ஆபத்து. சுழலும் வேகத்தைக் குறைப்பதே பரிகாரம். படியெடுக்கும் மென்பொருள் பலவற்றில் இதற்கு ஏற்பாடு உண்டு. மிகக் குறைந்த ஒன்றாம் வேகத்தில் நிறைந்த தட்டைப் படிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவுதான் நட்டம்.

பதிவு உட்புறத்தில் தொடங்கி வெளியோரத்தில் முடிகிறது. ஓரந்தான் கைபட்டுத் தேய்வது, ஈரம் புகுவதும் அங்கேதான். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு எடுத்தபின் பிழை வருவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. அப்படியாயின் முதல் தொண்ணூறு பங்கும் நலமாக இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

தட்டைச் செலுத்தியதும் 'இது வெற்றுத் தட்டு' என்று கணினி கூறுமாயின், அது பதிவை முடித்து முத்திரையிடாத தட்டாக இருக்கலாம். வீட்டு காமிராவிலும் பதிவுப் பெட்டியிலும் எடுத்த தட்டுகளுக்கு 'ஃபைனலைஸ்' என்னும் கடைசிச் சடங்கு செய்யப்படாவிட்டால் பிற கருவிகள் அதைப் படியா. பதிவு செய்த அதே கருவி கிடைத்தால் அதில் இட்டு அச்சடங்கை முடிக்கலாம். கிடைக்காவிட்டால் ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருள்கள் அத்தகைய தட்டையும் ஆராய்ந்து பார்க்க வல்லவை. 'இத்தட்டைப் புதிதாக அமைக்கவா?' என்று கணினி கேட்டால் மட்டும் சம்மதிக்க வேண்டாம்.

இவையெல்லாம் செய்தும் சில கட்டுகள் படிக்க வராமற் போகலாம். அங்கேதான் மீட்பு முறை பயன்படுகிறது. குனூ டிடிரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருள் லினக்ஸ் கணினிகளில் இயங்குவது. அது முதற் சுற்றில் எளிதாகப் படிக்கக் கூடியவற்றையெல்லாம் திரட்டிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போகிறது. அதன் பின்னரே விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி மீண்டும் மீண்டும் முயல்கிறது. தட்டுக்கு உரிய கூறு அளவு 2048 என்று முதலிலேயே அதற்குச் சொல்லிவிட வேண்டும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற குறிப்பைத் தனிக் கோப்பில் அது எழுதி வைக்கிறபடியால், இன்று நிறுத்தி நாளை தொடரலாம். வேறோர் இயக்கியில் தட்டை இட்டு, விடுபட்ட கட்டுகளை மட்டும் அதனிடம் கேட்டு வாங்கலாம்.

இதில் இன்னுமொரு வசதி உண்டு. திருமணத் தட்டு ஒரு வீட்டில் மட்டும் இருப்பதில்லை. சம்பந்தி வீட்டாருக்கும் ஒன்று, மாமாவுக்கு ஒன்று என்று பல பிரதிகள் எடுத்திருப்பர். நம்மிடமுள்ளது கொல்கத்தாவில் கெட்டிருந்தால், திருச்சியில் இருப்பது அதே இடத்தில் கெட்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து எழுதப்பட்டு, அளவில் ஒரு பைட்டும் வேறுபடாதிருக்குமானால், அதே குறிப்புக் கோப்பைக் கொண்டு இங்கே விட்டதை அங்கேயிருந்து நிரப்பலாம். ஊரிலுள்ளவர்களுக்கு எழுதிக் கேட்கும் முன் அவர்கள் தட்டை எறிந்துவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

கடைத் திரைப்படத் தட்டுகளின் கதை வேறு. அவற்றில் இரகசியப் பூட்டு இருத்தலால் எழும் பிழைகள் பழுதினால் எழுவன அல்ல. அப்பூட்டை உடைப்பது குறித்து 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த பிரிவு உண்டு. நாம் பேசுவது நம் வீட்டு நிகழ்ச்சிகளைப் பற்றியே.

படிமம் எடுத்து முடிந்தபின் அதைத் திறக்கையில் பிழை வருவதும் உண்டு. கோப்பின் அளவைப் பைட்டுக் கணக்கில் பார்த்து 2048-ஆல் வகுக்க வேண்டும். மீதி வந்தால் படிமம் அரைகுறையாக நின்றுபோயிருக்கிறது. மீதியில்லாமல் வகுபட்டும், விண்டோஸ் அதைத் திறக்க மறுத்து 'என்.டி.எஃப்.எஸ்.' என்ற சொல்லுள்ள செய்தியைக் காட்டுமானால், கோப்பு கிடக்கும் இடமே அதற்குப் பிடிக்கவில்லை. பென்டிரைவிலிருந்து கணினிக்கு மாற்றித் திறந்து பார்க்கலாம். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல்தான் படிமத்தை இருமுறை தட்டித் திறக்கும் வசதி உண்டு. அதற்கு முந்திய கணினிக்குத் தனி மென்பொருள் வேண்டும். படிமம் திறந்து, படம் மட்டும் ஓடாவிட்டால், காட்சிக் கோப்புகளுடன் உள்ள ஐ.எஃப்.ஓ. என்னும் வழிகாட்டிக் கோப்பு பழுதாகியிருக்கலாம். அதன் நகல் பி.யு.பி. என்ற பெயரில் அதே தட்டிலேயே இருக்கிறது. கோப்புகளைத் தனியே எடுத்து வைத்து, நகலின் பெயரை மாற்றி மூலத்தின் இடத்தில் அமர்த்தினால் ஓடும்.

முடிவில் படிமத்தைத் தொடக்கம், நடு, கடைசி என்று ஓட்டிப் பார்ப்பதோடு, மீட்புக் குறிப்பில் பழுதென்று காட்டிய இடங்களையும் பார்க்க வேண்டும். பிறகு ஷா 256 என்னும் அடையாள எண்ணை, 64 எழுத்தும் இலக்கமும் கொண்டதை, கணினியைக்கொண்டு வருவித்துக் குறித்துக்கொள்ளலாம். பிரதியை ஊருக்கு அனுப்பினால், அங்கே போய்ச் சேர்ந்த கோப்புக்கும் அதே எண் வருகிறதா என்று ஒப்பிட அது உதவும். ஒரு பிரதி நம்மிடம், ஒன்று ஊரில் உடன்பிறந்தாரிடம். தட்டையும் எறியாமல், உறையில் செங்குத்தாக நிறுத்தி, பரணிலிருந்து இறக்கி, வெயில் படாத உள்ளறை அலமாரிக்கு மாற்றிவிடலாம். இன்னும் படிக்க வராத அந்தச் சில கட்டுகளை நாளை வேறோர் இயக்கி படிக்கக்கூடும்.