முப்பது விநாடிப் படமும் நூறாண்டுத் தேர்வும்

இருட்டாக்கிய ஒரு கூடம். திரையில் ஒரு மங்கலான படம். வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். தூரத்தில் ஒரு ஆள் போகிறானா, வருகிறானா, தெரியவில்லை. முப்பது விநாடிதான், படம் மறைந்துவிடும். அடுத்த நான்கு நிமிடத்தில் அதற்கு ஒரு கதை எழுதியாக வேண்டும். கை வலியை உதறுவதற்குள் அடுத்த படம். இப்படிப் பதினொன்று. பன்னிரண்டாவதாக வருவது வெறும் வெள்ளைத் திரை. அதற்கும் ஒரு கதை.

சிறுகதைப் போட்டி என்று நினைத்துவிடாதீர்கள். ராணுவ அதிகாரி ஆக விரும்பும் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வைக்கும் தேர்வு இது. சர்வீசஸ் செலக்‌ஷன் போர்டு, சுருக்கமாக எஸ்.எஸ்.பி. என்று சொல்வார்கள்.

நாளைக்குத் துப்பாக்கி பிடிக்கப் போகிறவரிடம் இன்றைக்குக் கதை எழுதச் சொல்வானேன்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் நூறு வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது. வாருங்கள், போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தேசியப் பாதுகாப்பு அகாடமி என்னும் என்.டி.ஏ. தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகள் கடைசிவரை இருங்கள். உங்களுக்கான சமாச்சாரம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் வெள்ளைக்காரன் காலம். மதராஸ் படையில் நம் ஊர் ஆட்கள் கம்பெனி நாளிலிருந்தே உண்டு. சிப்பாயாகச் சேரலாம். உழைத்தால் ஹவில்தார், ஜமேதார், சுபேதார் என்று ஏறலாம். சுபேதார் மேஜரோடு ஏணி முடிந்துவிடும். தலை நரைத்த சுபேதாருக்கு, போன மாதம் கப்பலிறங்கிய இருபது வயது ஆங்கிலேய லெப்டினென்ட் மேலதிகாரி. போர் அனுபவம், மொழி, ஆட்களை அறிந்த அறிவு எல்லாம் கிழவரிடம். உத்தரவு போடும் உரிமை பையனிடம்.

1901இல் வைஸ்ராய் கர்சன் பிரபு ஒரு சலுகை கொடுத்தார். இம்பீரியல் கேடட் கோர் என்ற பயிற்சிப் படை. யாருக்கு? சமஸ்தான ராஜாக்கள், பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு. அதில் தேறி அதிகாரி ஆனாலும் ஆங்கிலச் சிப்பாய்க்கு உத்தரவு போட முடியாது. ஆக, அப்போது கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று: நீ யார் வீட்டுப் பிள்ளை?

முதல் உலகப் போர் இந்தக் கணக்கைக் கலைத்தது. பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கடல் கடந்து போய்ப் பணியாற்றினார்கள். இத்தனை பேர் ரத்தம் சிந்திய பிறகும் அதிகாரி பதவி கிடையாது என்று சொல்ல முடியவில்லை. இந்தியர்களும் மன்னரின் ஆணை பெற்ற அதிகாரி ஆகலாம் என்று 1917இல் அறிவிப்பு வந்தது. இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் வருடத்துக்குப் பத்து இடம் ஒதுக்கினார்கள். இவ்வளவு பெரிய தேசத்துக்குப் பத்தே பத்து. கூடவே இந்தூர் டேலி கல்லூரியில் தற்காலிகமாக ஒரு பயிற்சிப் பள்ளி நடந்தது. அங்கிருந்து 1919 டிசம்பரில் அதிகாரியாக வெளியே வந்த இளைஞர்களில் ஒருவர் குடகுக்காரர் கே.எம். கரியப்பா. சுதந்திர இந்தியாவின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி.

சாண்ட்ஹர்ஸ்ட் போன பிள்ளைகளில் பலர் தேறவில்லை. முட்டாள்கள் என்பதாலா? இல்லை. அங்கே சக மாணவனாக இருந்த ஆங்கிலேயப் பையன் சின்ன வயதிலிருந்தே விடுதிப் பள்ளியில் அந்த விளையாட்டு, அந்தச் சாப்பாட்டு மேசை, அந்தப் பேச்சு என்று வளர்ந்தவன். நம் பையனுக்கு எல்லாமே அன்று காலையில்தான் ஆரம்பம்.

அதனால் 1922 மார்ச் 13ஆம் தேதி டேராடூனில் ஒரு பள்ளி திறந்தார்கள். வேல்ஸ் இளவரசர் பெயரில், அவர் கையாலேயே திறப்பு விழா. கர்சனின் அந்தப் பழைய கேடட் வளாகம்தான் இடம். சாண்ட்ஹர்ஸ்டுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதே அதன் வேலை. இன்றைக்கு ராஷ்ட்ரிய இந்தியன் மிலிட்டரி காலேஜ், சுருக்கமாக ஆர்.ஐ.எம்.சி. அதிகாரிப் பயிற்சிக்கு முன்னால் ஒரு ஆயத்தம் வேண்டும் என்ற எண்ணமே நம் நாட்டில் இங்கேதான் நிறுவனமாக உருவெடுத்தது. பின்னாளில், 2000இல், ராணுவத் தலைமைத் தளபதியான சுந்தரராஜன் பத்மநாபன் இந்தப் பள்ளியில் படித்தவர்தான்.

ஆனாலும் பயிற்சிக்கு எதற்கு இங்கிலாந்து போக வேண்டும், இங்கேயே ஒரு கல்லூரி தொடங்கினால் என்ன? தேசியத் தலைவர்கள் விடாமல் கேட்டார்கள். இதை ஆராய்ந்த ஸ்கீன் கமிட்டி 1926இல் ஆமாம், வேண்டும் என்றது. அதன் பிறகும் ஆறு வருடம் இழுத்தது. 1932 அக்டோபர் 1 அன்று டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி நாற்பது பேரோடு தொடங்கியது. அந்த நாற்பதில் பதினைந்து இடம் பொதுப் போட்டித் தேர்வுக்கு. பதினைந்து, ஏற்கெனவே படையில் இருந்தவர்களுக்கு. மீதிப் பத்து, சமஸ்தானப் படைகளுக்கு.

அமிர்தசரஸில் ஒரு டாக்டர். அவர் மகன் லண்டன் போய் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டான். வயது போதாது என்று அப்பா மறுத்தார். கோபத்தில் பையன் இந்த அகாடமித் தேர்வை எழுதினான். அந்தப் பதினைந்தில் ஆறாவதாகத் தேறினான். பெயர் சாம் மானெக் ஷா. 1971 போரில் ராணுவத் தலைமைத் தளபதி, பிறகு ஃபீல்டு மார்ஷல். கடைசிக் காலத்தைக் குன்னூரில் கழித்தார். அதே முதல் அணியில் இருந்த முகமது மூசா பாகிஸ்தானுக்கும், ஸ்மித் டன் பர்மாவுக்கும் ராணுவத் தலைமை ஏற்றார்கள். ஒரே வகுப்பு, மூன்று தேசத்துத் தளபதிகள்.

ஆக இப்போது கேள்வி மாறிவிட்டது: உனக்கு என்ன தெரியும்? பிறப்பைக் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இதற்குள்ளும் ஒரு ஓட்டை இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது இரண்டாம் உலகப் போர்.

போர் தொடங்கியபோது சுமார் 2 லட்சமாக இருந்த இந்திய ராணுவம், முடிந்தபோது 25 லட்சம். அத்தனை பேருக்கும் அதிகாரி வேண்டுமே, எங்கே போவது? பிரிட்டனிலும் இதே நெருக்கடி. அதுவரை அவர்களுக்குத் தெரிந்த வழி நேர்காணல். மேசைக்குப் பின்னால் சில மூத்த அதிகாரிகள், முன்னால் ஒரு பையன், சில நிமிடப் பேச்சு. எந்தப் பள்ளி, என்ன விளையாட்டு, அப்பா என்ன செய்கிறார். தங்களைப் போல் பேசுகிறவனை அவர்களுக்குப் பிடித்துப்போகும். அப்படித் தேர்ந்தெடுத்தவர்களில் பலர் பயிற்சியில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிலர் போர்முனையில் மனமுடைந்து போனார்கள். வாய் நன்றாக இருந்தது, உள்ளே என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

ஜெர்மனியோ இதை முன்பே யோசித்திருந்தது. முதல் போரில் தோற்றபோது, உன் படை ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று வெர்சாய் ஒப்பந்தம் கட்டிப் போட்டது. கொஞ்சம் பேர்தான் என்றால் பொறுக்கியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? உளவியலாளர்களை அழைத்து நாள்கணக்கில் சோதித்தார்கள். அதைக் கவனித்த பிரிட்டன் 1942இல் தன் பழைய நேர்காணல் முறையைக் கைவிட்டுப் புதிய தேர்வு வாரியங்களை அமைத்தது.

அந்தப் புது முறைக்கு ஒரு முக்கியமான யோசனையைத் தந்தவர் வில்ஃபிரட் பியான் என்ற மனநல மருத்துவர். பிறந்த ஊர், நம் மதுரா. கண்ணன் பிறந்த அதே மதுராதான். முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர். அவர் யோசனை இதுதான்: ஏழெட்டுப் பேரை ஒரு வேலையின் முன்னால் நிறுத்து. யார் தலைவன் என்று சொல்லாதே. ஒதுங்கி நின்று பார். யார் கத்துகிறான், யார் கேட்கிறான், பலகை வழுக்கும்போது பக்கத்தில் இருப்பவன் கையை யார் பிடிக்கிறான் என்று தானே தெரிந்துவிடும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. 1935இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் மோர்கன், மரே என்ற இருவர் படம் காட்டிக் கதை கேட்கும் முறையை வெளியிட்டிருந்தார்கள். தெளிவில்லாத படத்தைப் பார்க்கிறவர் தன்னையே அதற்குள் வைத்துப் பார்ப்பார் என்பது அதன் அடிப்படை. கதை எழுதச் சொல்வானேன் என்று கேட்டோமே, விடை இதுதான். தேர்வில் கெட்டிக்காரத்தனமாகப் பொய் சொல்லலாம். பதினொரு படத்துக்கும் அடுத்தடுத்து, மூச்சு விடாமல், ஒரே மாதிரிப் பொய் சொல்வது கஷ்டம்.

1943இல் டேராடூனிலேயே சோதனை முறையில் முதல் வாரியம் உட்கார்ந்தது. இன்றைய எஸ்.எஸ்.பி.யின் பாட்டி அது.

போர் நடக்கும்போதே இன்னொரு கதையும் தொடங்கியிருந்தது. சூடானைக் காக்க இந்தியச் சிப்பாய்கள் கிழக்கு ஆப்பிரிக்காவில் போரிட்டார்கள். அதற்கு நன்றியாக, அவர்கள் நினைவாக ஏதாவது கட்டுங்கள் என்று சூடான் அரசு 1941இல் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தது. அன்றைய தலைமைத் தளபதி ஆக்கின்லெக் தலைமையில் ஒரு குழு உலக அகாடமிகளை ஆராய்ந்து, தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் பிள்ளைகளை ஒரே இடத்தில் வளர்க்கலாம் என்றது. பிரிவினையில் அந்தப் பணமும் பிரிந்தது. நமக்கு எழுபதாயிரம். 1949 ஜனவரியில் டேராடூனில் தற்காலிகமாகப் பயிற்சி தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று புனே அருகே கடக்வாஸ்லா ஏரிக்கரையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1955 ஜனவரியில் முறையாகத் திறந்தார்கள். அதுதான் என்.டி.ஏ. அதன் தலைமைக் கட்டடத்துக்கு இன்றும் பெயர் சூடான் பிளாக்.

அகாடமி வந்துவிட்டது. பிள்ளைகள்? பணக்கார விடுதிப் பள்ளிகளிலிருந்து மட்டுமே வந்தால் மறுபடி பழைய கதைதான். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் காலத்தில், 1961இல், என்.டி.ஏ.வுக்கு ஆயத்தம் செய்யும் சைனிக் பள்ளிகள் தொடங்கின. முதலாவது மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில். மறுவருடமே நமக்கு ஒன்று கிடைத்தது. உடுமலைப்பேட்டை தாண்டி, அமராவதி அணைப் பக்கம், அமராவதிநகர். ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வை அங்கே தமிழிலேயே எழுதலாம். 1962 சீனப் போரில் அதிகாரிப் பற்றாக்குறை உறைத்ததும், 1963இல் சென்னை பரங்கிமலையில் இன்னொரு வாசல் திறந்தது. பட்டதாரிகளுக்கான அந்தப் பயிற்சிப் பள்ளிதான் இன்றைய ஓ.டி.ஏ. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். என்.டி.ஏ. கதவோ பெண்களுக்கு மூடியே இருந்தது. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. நவம்பரில் பெண்கள் தேர்வெழுதினார்கள். 2025 மே 30 அன்று முதல் பதினேழு பெண்கள் அங்கே பயிற்சி முடித்து நடைபோட்டு வெளியே வந்தார்கள்.

சரி, இப்போது உங்கள் விஷயம்.

என்.டி.ஏ. தேர்வை யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இருமுறை நடத்துகிறது. பதினாறரை முதல் பத்தொன்பதரை வயது. பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். தரைப்படைக்கு எந்தப் பாடப்பிரிவும் சரி. கடற்படை, விமானப்படை என்றால் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். எழுத்துத் தேர்வில் கணிதத்துக்கு 300, பொதுத் திறனுக்கு 600, மொத்தம் 900. தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். குருட்டாம்போக்கில் வட்டம் நிரப்பாதீர்கள்.

எஸ்.எஸ்.பி.க்கு எவ்வளவு தெரியுமா? அதற்கும் 900. சரிபாதி. இரண்டு வருடம் கணக்குப் போட்டுவிட்டு, இந்தப் பாதிக்கு இரண்டு வாரம் ஒதுக்குகிறார்கள் நம் பிள்ளைகள்.

ஐந்து நாள் வரை அங்கேயே தங்க வேண்டும். உளவியலாளர் நீங்கள் எழுதியதைப் படித்து மதிப்பிடுவார். படக் கதைகள் தவிர, பதினைந்து விநாடிக்கு ஒன்றாக அறுபது சொற்கள், அரை மணி நேரத்தில் அறுபது சூழ்நிலைகள். நேர்காணல் அதிகாரி உங்கள் பேச்சைக் கேட்பார். மைதானத்தில் இன்னொரு அதிகாரி பலகை, கயிறு, பீப்பாய் கொடுத்து, குழுவோடு தடையைக் கடக்கச் சொல்வார். மனம், வாக்கு, காயம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த மூன்றும்தான். மூவரும் தனித்தனியே மதிப்பிட்டுக் கடைசி நாளில்தான் ஒன்றாக உட்காருவார்கள். மூன்றிலும் ஒரே ஆள் தெரிகிறாரா என்று பார்ப்பார்கள்.

அதனால்தான் மனப்பாடக் கதை அங்கே எடுபடாது. எந்தப் படம் வந்தாலும் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்றும் வீரனை எழுதிவிட்டு, மைதானத்தில் கயிற்றை முதலில் தனக்கே எடுத்துக்கொண்டால், கதை எழுதியவர் வேறு ஆள் என்று தெரிந்துபோகும். ஆயத்தம் என்றால், எழுதத் தகுந்த ஏதாவது செய்திருப்பது. கபடி அணியை வெளியூர் கூட்டிப் போயிருக்கிறீர்களா? என்.சி.சி. முகாமில் சண்டை தீர்த்திருக்கிறீர்களா? ஊர்த் திருவிழாக் கணக்கைப் பார்த்திருக்கிறீர்களா? அதெல்லாம் பயிற்சிதான். தினம் ஓடுங்கள். செய்தித்தாள் படித்து, எதிலாவது மூன்று நிமிடம் நின்று பேசிப் பழகுங்கள். கண், காது, தட்டைப் பாதம் போன்றவற்றை முன்கூட்டியே டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள். விமானி ஆக விரும்புகிறவர்களுக்குத் தனித் திறன் சோதனை உண்டு. அதில் ஒருமுறை தோற்றால் மறுவாய்ப்பு இல்லை. எஸ்.எஸ்.பி. அப்படியில்லை. வயது இருக்கும்வரை திரும்பத் திரும்பப் போகலாம்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். என்.டி.ஏ. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு இது கூடுதல் மேடு. சாண்ட்ஹர்ஸ்டில் தடுமாறிய அந்தப் பையன்களின் சங்கடமேதான். புலம்பிப் பயனில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே ஆங்கிலத்தைத் தொட்டுவிடுங்கள்.

கடைசியாக அந்தப் பன்னிரண்டாவது வெள்ளைத் திரை. அங்கே என்ன எழுதுவது என்று நிறையப் பேர் பதறுகிறார்கள். தலை நரைத்த நம் சுபேதாரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் எத்தனையோ கதை இருந்தது. யாரும் கேட்கவில்லை. உங்களைக் கேட்கிறார்கள். நான்கு நிமிடம் இருக்கிறது, எழுதுங்கள்.