தாய் வளர்ந்த விதமும் தாய் வளர்க்கும் விதமும்





எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச வருகின்றவர்கள் தாயின் கடமைகளை வரிசையாகச் சொல்லிவிட்டுச் செல்கின்றனர். அந்தத் தாய் எவ்வாறு வளர்ந்தாள், யாருடைய மடியில் வளர்ந்தாள் என்று கேட்பவர்கள் குறைவு. நமது மன்னார் மண்ணில் இக்கேள்வியைக் கேட்காமல் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச இயலாது.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் கடைசி நாட்களை நினைத்துப் பாருங்கள். தமிழீழ விடுதலைப் புலிகளின் உத்தரவினால் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் தமது ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, முசலி என நமது ஊர்கள் வெறிச்சோடின. பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். புத்தளத்து மக்கள் தம்மிடமிருந்ததைப் பகிர்ந்தளித்தனர். ஆயினும் கிடுகுக் கொட்டில்களும் நிவாரண அரிசிக்கான வரிசையுமே பல்லாண்டு வாழ்க்கையாயின.

அன்று எட்டு வயதாயிருந்த சிறுமி இன்று நாற்பதைக் கடந்த தாய். அவளுடைய உம்மா எங்கே இருந்தார்? கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குக் குனிந்து நின்ற பெண்களுள் ஒருவராக இருந்திருக்கலாம். அத்தகைய வீடுகளில் தம்பியை இடுப்பில் சுமந்ததும், தண்ணீர் எடுத்ததும், அடுப்பைப் பார்த்ததும் மூத்த மகளே. மாலையில் களைத்து வரும் தாய்க்கு மகளிடம் கதை கேட்க நேரம் ஏது? அந்தத் தாயின் அன்பில் குறையில்லை. அந்த அன்பு சோறாகவும் உடுப்பாகவும் வந்தது. பேச்சாக வருவதற்கு அவகாசம் கிடைக்கவில்லை.

சகோதரர்களே, மனிதர் தாம் பெற்ற முறையிலேயே கொடுக்கப் பழகுகின்றனர். அழுதால் எவரும் கவனியாத சூழலில் வளர்ந்தவளுக்குத் தன் பிள்ளையின் அழுகை பொறுக்க முடியாததாகிறது. ஒரு பிடி அரிசிக்கு வரிசையில் நின்றவளுக்குத் தட்டில் மிச்சம் வைக்கும் மகனைக் கண்டால் கோபம் பொங்குகிறது. மகன் சற்றுத் தாமதித்து வந்தாலும் நெஞ்சு படபடக்கிறது. “உம்மா எப்போதும் ஏசுகிறார், ஒரு நாளும் அணைத்ததில்லை” என்று மகள் மனம் வாடுகிறாள். இருவருக்கும் இடையில் நிற்பது 1990 என்பதை இருவரும் அறிவதில்லை.

இந்நிலை மாறுமா? மாறும். தமீம் கோத்திரத்தின் தலைவரான அக்ரஃ பின் ஹாபிஸ் அவர்கள், நபி (ஸல்) அவர்கள் தம் பேரர் ஹஸன் (ரழி) அவர்களை முத்தமிடக் கண்டு வியந்தார். தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்ற கருத்தை நபியவர்கள் எடுத்துரைத்தார்கள். பழகிவந்த வழக்கம் அதுவாயினும், அன்பு காட்டுவதைக் கற்றுக்கொள்ளலாம் என்பதே இதில் நமக்குள்ள பாடம். நபியவர்களோ பிறப்பதற்கு முன்னரே தந்தையை இழந்தவர்கள். ஆறு வயதில் தாயையும் இழந்தவர்கள். அத்தகையவர்கள்தான் மகள் ஃபாத்திமா (ரழி) அவர்கள் வரும்போது எழுந்து சென்று வரவேற்று, முத்தமிட்டு, தமது இடத்தில் அமர்த்தினார்கள். தமக்குக் கிடைக்காததையும் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்றைய ஆய்வாளர்களும் இதற்கு நெருங்கிய ஒன்றைக் கண்டுள்ளனர். அமெரிக்க உளவியலாளர் மேரி மெய்னும் அவருடைய சகாக்களும் 1980களில் தாய் தந்தையரிடம் அவர்களது சிறுபராயத்தைப் பற்றிக் கேட்டறிந்தனர். துன்பத்தில் வளர்ந்திருந்தாலும், அதனை மறைக்காமலும் குழம்பாமலும் சீராக எடுத்துச் சொல்ல இயன்றவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் அவர்களிடம் நிம்மதியாக ஒட்டி வளர்வதைக் கண்டனர்.

ஆகவே தாய்மார்களே, உங்கள் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எவர் மீதும் பகை மூட்டுவதற்காக அன்று; உங்களை அவர்கள் விளங்கிக்கொள்வதற்காக. அடிக்கக் கை ஓங்கும்போது, “இந்தக் கோபம் இப்பிள்ளையின் தவறுக்குரியதா, அந்தக் கொட்டிலிலிருந்து வந்ததா?” என்று உங்களையே கேளுங்கள். அன்று நீங்கள் கற்ற சிக்கனமும், பொறுமையும், ஒரு சட்டிக் கறியை அயல்வீட்டோடு பகிர்ந்த மனமும் பெருஞ் செல்வங்கள். அவற்றையும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

கணவன்மார்களே, உங்களுக்கும் ஒரு சொல். சிறு பிணக்கு வந்தவுடன் “உன் உம்மா உன்னை வளர்த்த இலட்சணம் இதுதானா?” என்று கேட்கிறீர்கள். அந்த உம்மா அகதிக் கொட்டிலில் வெயிலில் கூலி செய்து பிள்ளைகளைக் காத்தவராக இருக்கலாம். அவரைப் பழிப்பது எவ்வகையில் நியாயம்? அதற்குப் பதிலாக, “உன் சிறு வயதில் என்ன நடந்தது?” என்று மனைவியிடம் ஒரு முறை கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள்.

2009இல் யுத்தம் முடிந்தபின் சிலர் ஊர் திரும்பினர். பலர் புத்தளத்திலேயே வேரூன்றினர். இடிந்த வீடுகளைக் கட்டினோம், பள்ளிவாசல்களைக் கட்டினோம். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே இடிந்ததையும் கட்ட வேண்டியவர்களாக இருக்கிறோம். அந்த வேலையை இன்றிரவு உங்கள் வீட்டிலேயே தொடங்கலாம். மகளை அருகே அழையுங்கள், தலையைத் தடவுங்கள், கதையைத் தொடங்குங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் தாய்மாரின் உள்ளங்களை ஆற்றுவாயாக! எங்கள் பிள்ளைகளை அவர்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.