அக்கா சுமந்த குடம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"அந்தக் காலத்து வாழ்க்கையைப் பத்திப் பேசுங்க, நம்ம பிள்ளைகளுக்குத் தெரியட்டும்" என்று செயலாளர் சொன்னார். எனக்கும் சந்தோஷம். அறுபது வயசு தாண்டியவளுக்குப் பழைய கதை பேச யாராவது சொல்லித்தரணுமா என்ன? ஆனால் பேச வேண்டியதை யோசிக்க உட்கார்ந்தபோது, நான் நினைத்த இடத்தில் கதை நிற்கவில்லை. வேறு எங்கேயோ போய்விட்டது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் 1964-இல் பிறந்தவள். புதுக்கோட்டைக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். அப்போது புதுக்கோட்டை தனி மாவட்டம்கூட இல்லை, 1974-இல்தான் ஆனது. ஐம்பது அறுபது வீடு. ஒரு கண்மாய், ஒரு ஊருணி, ஒரு பள்ளிக்கூடம், ஒரு அய்யனார் கோயில். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் நெல்லு. பெய்யாவிட்டால் வரகு, கேப்பை, கடலை.

எங்க ஊரில் வருஷத்தில் பெரிய சந்தோஷம் எது தெரியுமா? பொங்கலும் தீபாவளியும் அடுத்துத்தான். கண்மாய் அழியிற நாள்தான் முதல். கோடையில் தண்ணி வற்றி முழங்கால் அளவுக்கு வந்ததும் பெரியவங்க ஒரு நாள் குறிப்பார்கள். அன்றைக்கு விடியற்காலையில் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கரையில் வந்து நிற்கும். கரையில் நின்று துண்டை வீசினார்களோ இல்லையோ, ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்குவோம். கெண்டை, கெளுத்தி, குரவை. விரால் கிடைத்தவன் அன்றைக்கு ராஜா. மதியம் எந்தத் தெருவில் நடந்தாலும் மீன் குழம்பு வாசம்தான். மீன் கிடைக்காத வீடு என்று ஒன்று இருக்காது; கிடைத்தவர்கள் கொடுத்துவிடுவார்கள்.

ஊருணித் தண்ணிதான் குடிக்க. அதில் யாரும் கால் வைக்கமாட்டோம், துணி துவைக்கமாட்டோம். காவல் போட்டதில்லை, அபராதம் எழுதிப் போட்டதில்லை. "கால் வச்சா ஆத்தா கண்ணைக் குத்திரும்" என்று அப்பத்தா சொன்னது போதும்.

சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோவில் திருச்சி வானொலி பாடும். ஆம்பளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் திண்ணையில் பல்லாங்குழி. எங்க வீட்டில் பலகை கிடையாது. தரையிலே பதினாலு குழி தோண்டி, குழிக்கு அஞ்சு புளியங்கொட்டை. நாலு சேர்ந்தால் 'பசு' என்று அள்ளிக்கொள்வோம். எனக்குக் கணக்கு வந்தது பள்ளிக்கூடத்தில் பாதி, பல்லாங்குழியில் பாதி. இன்றைக்கும் நம்ம குழுப் பேரேட்டில் கூட்டல் போடும்போது என் விரல் கொட்டை எண்ணுகிற மாதிரித்தான் அசையும். பக்கத்தில் உட்காருகிறவர்கள் பார்த்திருப்பீர்கள்.

அம்மாவின் சிறுவாடு பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தினமும் உலையில் போட அரிசி அளந்த பிறகு, அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். பிடி அரிசி. மாசக் கடைசியில் அந்தப் பானைதான் சோறு போடும். கோழி முட்டை விற்ற காசு, கடலை பொறுக்கிய கூலியில் மிச்சம், எல்லாம் கடுகு டப்பாவுக்குள். ஆறு மூலை வைத்த மூணு பைசா, தாமரைப் பூ போட்ட மஞ்சள் நிற இருபது பைசா. அந்தத் தாமரைக் காசை மட்டும் அம்மா செலவழிக்கமாட்டார். தங்கம் மாதிரி மின்னும். ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தார்.

நாம இன்றைக்கு 'சேமிப்பு' என்கிறோம், 'உள் கடன்' என்கிறோம். எங்க அம்மா அதைக் கடுகு டப்பாவுக்குள் நடத்தினார். ஒரு வித்தியாசம்தான். அம்மா ஒளித்து வைத்தார். நாம் நோட்டுப் போட்டு, கையெழுத்துப் போட்டு, சபையில் வைத்து எண்ணுகிறோம்.

இவ்வளவும் எழுதி முடித்து, போன வாரம் எங்க அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அக்கா என்னைவிட மூணு வயசு மூத்தவள். அவளைக் கட்டிக்கொடுத்த ஊரிலேயே என்னையும் கட்டிக்கொடுத்தார்கள். நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். அப்புறம் சொன்னாள்:

"எல்லாம் சரிதான்டி. நீ பல்லாங்குழி ஆடுனது எனக்கும் ஞாபகம் இருக்கு. நான் எங்க இருந்தேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

யோசித்துப் பார்த்தேன். நான் திண்ணையில் கொட்டை எண்ணும்போது அக்கா ஊருணியிலிருந்து குடம் தூக்கிக்கொண்டு வருவாள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. காலையில் மூணு நடை, சாயங்காலம் மூணு நடை. கண்மாய் அழியிற அன்றைக்கு நான் தண்ணிக்குள் கும்மாளம் போடுவேன். அக்கா கரையில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். ரெண்டு கைக்கும் வேலை இருந்தது அவளுக்கு, மீன் பிடிக்கக் கை ஏது? உரலில் வரகு குத்தியது அவள். விறகு பொறுக்கியது அவள். அஞ்சாம் வகுப்போடு நிறுத்தப்பட்டதும் அவள்.

நான் 'எங்க வீட்டில் கஷ்டம் இருந்தாலும் கவலை இல்லாமல் வளர்ந்தோம்' என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். கவலை இல்லாமல் வளர்ந்தது நான். என் பங்குக் கவலையைச் சுமந்தது இன்னொரு சின்னப் பிள்ளை. அவளுக்கு அப்போது பதினொரு வயசு.

அப்புறம் மழை பொய்த்தது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. அண்டாவை அடகு வைத்தோம்; அது திரும்பி வரவே இல்லை. 1975-இல் அக்காவுக்குக் கல்யாணம் பேசினார்கள். அவளுக்குப் பதினாலு வயசு. "ஒரு வயிறு குறையும்" என்று வீட்டில் பேசிக்கொண்டது எனக்கே கேட்டது. அப்போது சட்டத்திலேயே பெண்ணுக்குப் பதினஞ்சுதான். 1978-இல்தான் அதைப் பதினெட்டு ஆக்கினார்கள். அந்தப் பதினஞ்சையும் எங்க ஊரில் கேட்பார் இல்லை. அம்மா அந்தத் தாமரைக் காசு முடிச்சை அக்கா மடியில் கட்டிவிட்டு அழுதார். கல்யாணத்தைத் தடுக்க அம்மாவிடம் இருந்த பலம் அவ்வளவுதான்.

அக்கா போன பிறகு குடம் என் இடுப்புக்கு வந்தது. எட்டாம் வகுப்போடு நானும் நின்றேன்.

இதை ஏன் சபையில் சொல்கிறேன் என்றால், இந்தக் கதை அதோடு முடியவில்லை. அடுத்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லணும்.

1991-இல் நம்ம மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ராத்திரி விளக்கு வைத்துப் படித்தோம். பொம்பளைகள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகினோம். முப்பது வயசில் எங்க அக்கா தன் பெயரை முதல் முதலாக எழுதினாள். சைக்கிளும் ஓட்டினாள். விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு, மறுநாளும் ஓட்டினாள். 1998-இல் குழு ஆரம்பித்தோம். பதினஞ்சு பேர், மாசம் இருபது ரூபாய். நான் ஊக்குநர். அக்கா உறுப்பினர்.

ரெண்டு வருஷத்தில் சேமிப்பு மட்டும் 7,200 ரூபாய் சேர்ந்தது. அந்த நேரத்தில்தான் என் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. சொந்தம். நகை கேட்கவில்லை. பிள்ளைக்குப் பதினஞ்சு வயசு, ஒன்பதாவது முடித்திருந்தாள். "நல்ல இடம், விட்டா வராது" என்று வீட்டில் சொன்னார்கள். நானும் சரி என்றேன். ஆமாம், குழுவுக்கு ஊக்குநரான நானேதான். கூட்டத்தில் 5,000 ரூபாய் உள் கடன் கேட்டேன். நோக்கம்: மகள் கல்யாணம்.

எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். ஊக்குநர் கேட்கும்போது மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? கடைசியில் ஒரு குரல். எங்க அக்கா.

"குடுக்கக் கூடாது. நோட்டுல எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "என் பிள்ளை கல்யாணத்துக்கு நீயே குறுக்க நிக்கிறியா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா சத்தம் போடவில்லை. "எனக்குப் பதினாலு வயசுல, 'வேண்டாம்'னு சொல்ல ஒரு ஆள் இல்ல. ஆத்தா அழுதுச்சு, அவ்வளவுதான். இவளுக்குச் சொல்ல பதினாலு பேர் இருக்கோம்" என்றாள்.

என்னைத் தவிர்த்து எண்ணியிருக்கிறாள். சரியாகப் பதினாலு பேர். ஒவ்வொருத்தராகக் கையெழுத்துப் போட்டார்கள். கடன் இல்லை என்று தீர்மானம்.

நான் கோபித்துக்கொண்டு ரெண்டு மாசம் கூட்டத்துக்குப் போகவில்லை. அக்காவோடு பேசவும் இல்லை. பணம் புரளாததால் சம்பந்தம் தள்ளிப்போனது, அப்புறம் அப்படியே நின்றுபோனது. பள்ளிக்கூடம் திறந்தபோது மகள் பத்தாம் வகுப்புக்குப் போனாள். மூணாவது மாசம் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்துக்குப் போனேன். பேரேட்டைப் பார்த்தால் என் பக்கத்தில் பாக்கியே இல்லை. ரெண்டு மாசச் சந்தா நாற்பது ரூபாயை அக்கா கட்டியிருந்தாள். "குழுவில உன் பேரு விட்டுப்போயிரக் கூடாதுல்ல" என்றாள். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

என் மகள் பத்தாம் வகுப்பு தேறினாள். அந்தச் சான்றிதழ் கையில் இருந்ததால்தான் பின்னாளில் அங்கன்வாடி வேலை கிடைத்தது. கல்யாணம் இருபத்தோரு வயசில் நடந்தது. அந்தக் கல்யாணத்துக்குக் குழு கடன் கொடுத்தது. தீர்மானத்தில் முதல் கையெழுத்து அக்காவுடையது.

அதனால் பிள்ளைகளே, 'அந்தக் காலம் பொற்காலம்' என்று நாங்கள் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். "யாருக்கு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்காக எல்லாமே மோசம் என்றும் சொல்லமாட்டேன். மீன் கிடைக்காத வீட்டுக்குக் குழம்பு கொடுத்துவிட்ட மனசு நல்லது. காவல் இல்லாமலே ஊருணியைக் காப்பாற்றிய ஒழுக்கம் நல்லது. பிடி அரிசி நல்லது. இன்றைக்கு ஒரே வீட்டில் நாலு இடத்து வாரக் கடன் ஓடுகிறது. திங்கட்கிழமை ஒருவர், புதன்கிழமை ஒருவர் என்று வாசலில் வந்து உட்காருகிறார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். நம்ம குழுச் சேமிப்பைச் சின்னது என்று நினைத்துத்தானே அங்கே போகிறோம்? கைப்பிடி அரிசியைச் சின்னது என்று எங்க அம்மா ஒரு நாளும் நினைத்ததில்லை.

மூணே மூணு விஷயம் கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

ஒன்று: பதினெட்டு வயசு நிறையாத பிள்ளையின் கல்யாணத்துக்கு எந்தக் குழுவும் கடன் கொடுக்காது என்று அடுத்த கூட்டத்திலேயே தீர்மான நோட்டில் எழுதுங்கள். கேட்கிறவர் ஊக்குநராக இருந்தாலும் சரி, கூட்டமைப்புத் தலைவியாக இருந்தாலும் சரி. அதையும் மீறி நடக்கும் என்று தெரிந்தால் 1098-க்குப் போன் போடுங்கள். சொந்தக்காரர்கள் கோபிப்பார்கள். நானும் கோபித்தவள்தான். ரெண்டு மாசத்தில் சரியாகிவிடும்.

ரெண்டு: வெளியில் வாரக் கடன் வாங்குமுன் குழுவில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இதில் வெட்கத்துக்கு என்ன இருக்கிறது? ஒளித்து வைக்க இது கடுகு டப்பா இல்லை.

மூணு: இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பாருங்கள். ஒரு பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தால், அதன் பங்கு வேலையை இன்னொரு பிள்ளை செய்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். மூத்த பெண்ணாகப் பிறந்தது அதன் குற்றம் இல்லை.

எங்க அக்கா இன்றைக்கு வந்திருக்கிறாள். மூணாவது வரிசையில், பச்சைச் சேலை. எழுந்து நிற்கச் சொன்னால் நிற்கமாட்டாள், எனக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவளை ஒரு ஆட்டம் பல்லாங்குழிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். "எனக்கு ஆடத் தெரியாதுடி" என்றாள். அறுபத்து நாலு வயசில் நான் சொல்லித்தரப் போகிறேன். பிள்ளைகள் யாராவது குழாயடியில் குடத்தைப் பிடித்து வைத்துவிடுங்கள்.